பெண் ஓட்டா? கட்சி ஓட்டா?

அமெரிக்கா தேசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், நம் நாட்டுப் படித்த கூட்டத்தார் அதைச் சமத்துவத்தின் பிறப்பிடம் என்றும், யோக்கியதை ஒன்றே அங்கு அளவு என்றும் வர்ணிப்பது வழக்கம். ஆனால் 1789-ஆம் வருஷத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் முதல் ஜனாதிபதியானது தொட்டு இன்றுவரை அந்த நாற்காலியில் ஒரு பெண்கூட உட்கார்ந்தது கிடையாது. 230 வருஷத்துக்கு மேலாகியும் அத்தனை பெரிய தேசத்தில் ஒரு பெண்ணுக்குக்கூட அந்த யோக்கியதை வரவில்லை என்றால், குற்றம் பெண்களுடைய மூளையில் இருக்கின்றதா, அல்லது யோக்கியதையை அளக்கின்ற மரக்காலில் இருக்கின்றதா என்று கேட்கின்றோம்.

இந்தக் கேள்விக்கு விடை தேடுகின்றவர்கள் 2008-ஆம் வருஷத்தில் அந்நாட்டின் டெமாக்ரடிக் கட்சிக்குள் நடந்த போட்டியைக் கவனித்தால் போதும். அந்நாட்டில் முக்கியமான கட்சிகள் இரண்டு. ஒவ்வொரு கட்சியும் தனது ஜனாதிபதி அபேட்சகர் யார் என்பதைத் தலைவர்கள் அறைக்குள் கூடி முடிவு செய்துவிடாமல், பெரும்பாலான மாகாணங்களில் "பிரைமரி" என்கின்ற முன்தேர்தல் வைத்து ஜனங்களிடமே ஓட்டு வாங்கித் தீர்மானிக்கின்றது. அந்த வருஷம் கடைசிவரை நின்றவர்கள் இருவர். ஒருவர் நியூயார்க் மாகாணத்து செனட்டரான ஹில்லாரி கிளிண்டன் அம்மையார். மற்றவர் இல்லினாய் மாகாணத்து செனட்டரான பராக் ஒபாமா. ஒருவர் பெண், மற்றவர் கறுப்பர். நூற்றாண்டுக் கணக்காய் வெளித்திண்ணையில் நிறுத்தப்பட்ட இரண்டு கூட்டத்தாரில் ஒருவர் உள்ளே வரப்போகின்றார் என்பது சந்தோஷப்பட வேண்டிய விஷயந்தான். ஆனால் நடந்தது என்ன?

இஸ்திரிப் பெட்டி

ஜனவரி 3-ந் தேதி அயோவாவில் ஒபாமா ஜெயித்தார். அம்மையாருக்கு மூன்றாவது இடந்தான் கிடைத்தது. 7-ந் தேதி நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ஒரு காப்பிக் கடையில், "எப்படி அம்மா இத்தனையையும் தாங்குகின்றீர்கள்?" என்று ஒரு பெண் கேட்டபோது, பதில் சொல்லுகையில் அம்மையாருக்குக் கண் கலங்கிக் குரல் தழுதழுத்தது. அவ்வளவுதான்! தேசத்துப் பத்திரிகைகளெல்லாம் அந்தக் கண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்தன. "இது நடிப்பு" என்றவர் சிலர். "இப்படி அழுகின்றவர் யுத்தம் வந்தால் என்ன செய்வார்?" என்றவர் சிலர். அதற்கு முந்தைய நாள்வரை இவர்களே "இந்த அம்மாளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை" என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள். அழாவிட்டால் கல்நெஞ்சு, அழுதால் பலவீனம். அப்படியானால் ஒரு பெண் எந்த முகத்தோடுதான் பொதுவாழ்வுக்கு வருவது?

அதே 7-ந் தேதி, அதே மாகாணத்துப் பொதுக்கூட்டம் ஒன்றில் இரண்டு ஆண்கள் எழுந்து நின்று, "என் சட்டைக்கு இஸ்திரி போடு" என்று கூச்சலிட்டார்கள். அவர்களை வெளியேற்றினார்கள்; அம்மையாரும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். விஷயம் ஒரு நாள் வேடிக்கையாக முடிந்தது. ஒபாமாவின் கூட்டத்தில் ஒருவன் எழுந்து, "என் பூட்ஸுக்கு மெருகு போடு" என்று கத்தியிருந்தால் அதை ஒரு நாள் வேடிக்கையாக விட்டிருப்பார்களா? விட்டிருக்க மாட்டார்கள், விடவும் கூடாது. நிறத்தை வைத்து இழிவு செய்தால் குற்றம் என்றும், பெண் பிறவியை வைத்து இழிவு செய்தால் தமாஷ் என்றும் இரண்டு சட்டம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நமது கேள்வி.

இன்னமும் பாருங்கள். அவருடைய சிரிப்பைச் சூனியக்காரியின் சிரிப்பு என்றார்கள். அவர் போட்டிருந்த ரவிக்கையின் கழுத்து எவ்வளவு இறக்கம் என்பதைப் பற்றி 2007-இல் ஒரு பெரிய பத்திரிகை கட்டுரையே எழுதிற்று. அவரைப்போல் பொம்மை செய்து, அதன் தொடைகளுக்கிடையே கொட்டைகளை வைத்து உடைக்கும்படியான பாக்குவெட்டி மாதிரிச் சாமானைக் கடைகளில் விற்றார்கள். எதிர்க்கட்சி அபேட்சகர் மக்கெயினிடம் 2007 நவம்பரில் ஒரு பெண்மணியே எழுந்து, அம்மையாரைப் "பெட்டை நாய்" என்று குறிப்பிட்டு, அவரை எப்படித் தோற்கடிப்பது என்று கேட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், மக்கெயினும் சிரித்து, "நல்ல கேள்வி" என்றார். பெண்ணை இழிவு செய்ய ஆண்தான் வேண்டும் என்பதில்லை. அடிமைப்புத்தி ஊறிவிட்டால் தன் இனத்தைத் தானே இழிவாகப் பேசுவது எந்தக் கூட்டத்தாரிடமும் காணப்படுவதுதான்.

"புருஷனுடைய பேரால் வந்தவர்தானே?" என்றும் கேட்டார்கள். புருஷர் முன்னாள் ஜனாதிபதி என்பது உண்மை. அது அவருக்கு உதவி செய்தது என்பதும் உண்மை. ஆனால் அப்போது ஜனாதிபதியாயிருந்த ஜார்ஜ் புஷ் யார்? முந்தைய ஜனாதிபதி புஷ்ஷினுடைய மகன். மக்கெயின் யார்? கடற்படைத் தளபதியின் மகன், கடற்படைத் தளபதியின் பேரன். தகப்பன் பேரால் வருவது வம்சப் பெருமை, புருஷன் பேரால் வருவது இழிவு என்றால் இது என்ன நியாயம்?

எல்லாம் பெண் வெறுப்புத்தானா?

நிற்க, இந்தப்படி நாம் எழுதுவதால் அம்மையாருக்கு ஓட்டுப் போடாதவர்களெல்லாம் பெண் வெறுப்பர்கள் என்பதாக யாரும் கருதிவிட வேண்டாம். 2002 அக்டோபரில் ஈராக் தேசத்தின்மீது யுத்தம் தொடுக்க அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்துக்கு அம்மையார் சாதகமாக ஓட்டுக் கொடுத்தார். அப்போது மாகாண சட்டசபையில் மட்டும் இருந்த ஒபாமா, அந்த யுத்தம் கூடாது என்று பொதுக்கூட்டத்தில் பேசினார். யுத்தம் 2003-இல் ஆரம்பமாகி எத்தனையோ உயிர்களைத் தின்றது. இதை மனதில் வைத்து ஒரு பெண் ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டால் அவள் பெண்ணினத் துரோகியா? ஒருநாளும் ஆகமாட்டாள்.

எது நியாயமான எதிர்ப்பு, எது பிறவி வெறுப்பு என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கின்றது. சொல்லப்படும் குற்றத்தை ஒரு ஆண்பிள்ளையின்மேல் போட்டுப் பாருங்கள். யுத்தத்துக்கு ஓட்டுக் கொடுத்தது குற்றம் என்றால் ஆண் கொடுத்தாலும் குற்றந்தான். ஆதலால் அது நியாயமான குற்றச்சாட்டு. சிரிப்பு சரியில்லை, ரவிக்கை சரியில்லை, குரல் கீச்சென்று இருக்கின்றது என்பவற்றை ஆண்மேல் போட்டால் ஒட்டாமல் உதிர்ந்து விழுகின்றன. ஆதலால் அவை பிறவி வெறுப்பு. இவ்வளவுதான் விஷயம்.

இந்தச் சோதனை மறுபக்கத்துக்கும் பொருந்த வேண்டும். 2016 பிப்ரவரியில் அம்மையார் மறுபடியும் கட்சிக்குள் போட்டியிட்டபோது, அந்நாட்டின் முதல் பெண் வெளிநாட்டு மந்திரியாயிருந்த மெடலின் ஆல்பிரைட் அம்மையார், ஒருவருக்கொருவர் உதவாத பெண்களுக்கு நரகத்தில் தனி இடம் உண்டு என்று மேடையில் சொன்னார். ஓட்டு வாங்குவதற்கு நரகமா? நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவது புரோகிதனுடைய தொழில் அல்லவா? பெண் விடுதலைக்குப் பாடுபட்டவரே அந்த ஆயுதத்தைக் கையில் எடுத்தது வருந்தத்தக்கது. பின்னால் அவரே அந்த இடத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று எழுதினார் என்பதையும் சொல்லிவிடுகின்றோம். "நீ பெண்; ஆகவே பெண்ணுக்குப் போடு" என்பதும், "நீ பெண்; ஆகவே உனக்கு ஆளத் தெரியாது" என்பதும் ஒரே வேரில் முளைத்த இரண்டு கிளைகள். இரண்டிலும் பிறவி பேசுகின்றதே தவிர அறிவு பேசவில்லை.

திண்ணையில் சண்டை

அந்த வருஷம் மிகவும் சங்கடப்பட்டவர்கள் கறுப்புப் பெண்கள். "பெண்ணாக ஓட்டுப் போடுகின்றாயா, கறுப்பராக ஓட்டுப் போடுகின்றாயா?" என்று பத்திரிகைக்காரர்கள் அவர்களைக் குடைந்தார்கள். "நீ என்ன நினைக்கின்றாய்?" என்று கேட்க வேண்டுமென்பது பலருக்குத் தோன்றவில்லை. 1972-இல் ஷெர்லி சிஸம் என்கின்ற கறுப்புப் பெண்மணி இதே கட்சியில் ஜனாதிபதி ஸ்தானத்துக்குப் போட்டியிட்டு, மாநாட்டில் 152 பிரதிநிதிகளின் ஓட்டைப் பெற்றார். கறுப்பராயிருந்ததைவிடப் பெண்ணாயிருந்ததே தமக்கு அதிகத் தடையாயிருந்தது என்று அவர் சொல்லிவந்தார். இரண்டு பாரத்தையும் சேர்த்துச் சுமந்தவருடைய வார்த்தை அது.

2008 மார்ச்சில் ஜெரால்டின் பெராரோ அம்மையார், ஒபாமா வெள்ளைக்காரராயிருந்தால் இந்த நிலைக்கு வந்திருக்க மாட்டார் என்று பேசிவிட்டு, ஹில்லாரி அம்மையாரின் பிரசாரக் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. இந்தப் பெராரோ 1984-இல் உபஜனாதிபதி ஸ்தானத்துக்கு நிறுத்தப்பட்டவர். "பெண்ணாயிருப்பதால் வந்தவர்" என்ற ஏச்சைத் தாமே கேட்டவர். தான் பட்ட அடியையே இன்னொருவர்மேல் போடுவது எவ்வளவு சுலபமாகிவிடுகின்றது பாருங்கள்!

இது புதிதுமல்ல. 1848-இல் பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று செனிகா பால்ஸ் என்னும் ஊரில் தீர்மானம் வந்தபோது, அடிமையாயிருந்து தப்பி வந்த பிரெடெரிக் டக்ளஸ் எழுந்து அதை ஆதரித்தார். 20 வருஷம் கழித்து, கறுப்பு ஆண்களுக்கு மட்டும் ஓட்டுக் கொடுக்கும் சட்டத் திருத்தம் வந்தபோது அந்தச் சினேகம் உடைந்தது. எலிசபெத் ஸ்டாண்டன் அம்மையார் கறுப்பர்களை இழிவாகப் பேசும் அளவுக்குப் போனார். 1869-இல் சமஉரிமைச் சங்கமே பிளந்தது. திண்ணையில் நின்ற இருவரும் யார் முதலில் உள்ளே போவது என்று அடித்துக்கொண்டார்கள். சாவி வைத்திருந்தவன் உள்ளே நிம்மதியாகத் தூங்கினான். முடிவு என்ன? பெண்களுக்கு ஓட்டு வர 1920 ஆயிற்று. தென் மாகாணத்துக் கறுப்பர்கள், ஆணும் பெண்ணும், பயமின்றி ஓட்டுப் போட 1965-ஆம் வருஷத்துச் சட்டம் வரவேண்டியதாயிற்று.

கட்சி விசுவாசம்

2008 ஜூன் 3-ந் தேதி முன்தேர்தல்கள் முடிந்தன. இருவரும் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ஓட்டு வீதம் பெற்றிருந்தார்கள். பிரதிநிதிகள் கணக்கில் ஒபாமா ஜெயித்தார். உடனே கட்சித் தலைவர்கள் "ஒற்றுமை! ஒற்றுமை!" என்று கோஷம் போட ஆரம்பித்தார்கள். அம்மையாருக்குப் பாடுபட்ட பெண்களில் ஒரு பகுதியார் கொதித்தெழுந்தார்கள். முன்கூட்டித் தேர்தல் வைத்த குற்றத்துக்காக மிச்சிகன், புளோரிடா பிரதிநிதிகளுக்கு மே 31-ந் தேதி அரை ஓட்டுத்தான் கொடுத்தார்கள் என்பது ஒரு குறை. எங்களை மாதக்கணக்கில் இழிவு செய்தபோது வாய் திறக்காத கட்சி, இப்போது மட்டும் விசுவாசம் கேட்கின்றதே என்பது பெரிய குறை. மார்ச்சிலேயே காலப் கம்பெனியார் விசாரித்தபோது, அம்மையாரின் ஆதரவாளர்களில் 100-க்கு 28 பேர், ஒபாமா நின்றால் எதிர்க்கட்சி மக்கெயினுக்குப் போடுவோம் என்றார்கள்.

இந்த இரண்டாவது குறையை நாம் நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கின்றோம். ஒற்றுமை என்ற உபதேசம் எப்போதும் அடிபட்டவனுக்கே செய்யப்படுகின்றது, அடித்தவனுக்குச் செய்யப்படுவதில்லை. உபகாரம் ஒரு பக்கம் மட்டும் இருக்குமானால் அதற்குப் பெயர் விசுவாசமல்ல, பண்ணையடிமைத்தனம்.

ஆனால் அந்தப் பெண்களின் கோபத்தைப் "பெண்புத்தி" என்று எழுதியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே விசாரணையில் ஒபாமாவின் ஆதரவாளர்களில் 100-க்கு 19 பேர், ஹில்லாரி நின்றால் மக்கெயினுக்குப் போடுவோம் என்றிருந்தார்கள். எதிர்க்கட்சியிலும் ரேடியோவில் பேசும் பெரிய மனிதர்கள் மக்கெயினை ஏற்கமாட்டோம் என்று மிரட்டினார்கள். அது மட்டும் "கொள்கைப் பிடிவாதம்" ஆயிற்று. ஆண் கோபித்தால் கொள்கை, பெண் கோபித்தால் கோளாறு!

சரி, கோபம் நியாயமானது. அதற்காக எதிரிக்கு ஓட்டுப் போடலாமா? மக்கெயினுடைய கட்சித் திட்டம் என்ன சொல்லிற்று? கர்ப்பத்தைக் கலைத்துக்கொள்ளும் உரிமை பெண்ணுக்குக் கூடாது என்றது. அலபாமா மாகாணத்து டயர் தொழிற்சாலை ஒன்றில் ஏறக்குறைய 20 வருஷம் வேலை செய்த லில்லி லெட்பெட்டர் என்ற பெண், ஒரே வேலைக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம் கொடுக்கப்பட்டதைக் கடைசியில் கண்டுபிடித்து வழக்காடினார். சம்பளம் குறைக்கப்பட்ட 180 நாளைக்குள் வந்திருக்க வேண்டும் என்று சொல்லி 2007-இல் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. தனக்குத் தெரியாமலே நடந்த திருட்டுக்கு 180 நாளைக்குள் எப்படிப் பிராது கொடுப்பது? இந்த அநீதியைத் திருத்தும் மசோதாவை மக்கெயின் எதிர்த்தார். ஆகஸ்ட் 29-ந் தேதி அவர் சாரா பேலின் என்ற பெண்மணியை உபஜனாதிபதி அபேட்சகராக நிறுத்தி, "பெண்தானே உங்களுக்கு வேண்டும்? இதோ பெண்" என்று காட்டினார். சேலை கட்டிய பொம்மையைக் காட்டினால் பிள்ளை அழுகையை நிறுத்தும் என்ற நினைப்பு! மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்வேன் என்பது பகுத்தறிவாகுமா?

ஹில்லாரி அம்மையார் அப்படிச் செய்யவில்லை. ஜூன் 7-ந் தேதி ஒபாமாவை ஆதரித்துப் பேசினார். ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில் ஓட்டெண்ணிக்கையை நிறுத்தி ஒபாமாவை ஏகமனதாய்த் தேர்ந்தெடுக்கும்படி தாமே பிரேரேபித்தார். நவம்பரில் கட்சிக்காரரில் 100-க்கு 89 பேரும், பெண்களில் 100-க்கு 56 பேரும் ஒபாமாவுக்குப் போட்டார்கள் என்று ஓட்டுச்சாவடி விசாரணைக் கணக்கு சொல்லுகின்றது. ஒபாமா கையெழுத்திட்ட முதல் மசோதா, 2009 ஜனவரி 29-ந் தேதியிட்ட லெட்பெட்டர் சட்டம். முன்தேர்தலில் அம்மையாருக்குப் பாடுபட்டு, நவம்பரில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒபாமாவுக்குப் போட்ட பெண்களுக்குக் கட்சி கொடுத்த கூலி அது. கட்சியைத் தெய்வமாகக் கும்பிடாமல், ஏணியாக உபயோகித்ததால் கிடைத்த கூலி என்றே சொல்லுவோம்.

2016-இல் நடந்ததையும் பாருங்கள். அம்மையார் கட்சிக்குள் ஜெயித்து, எதிரியைவிட 28 லட்சத்துக்கு மேல் அதிக ஓட்டும் வாங்கி, மாகாணத் தேர்தலாளர் கணக்கில் டிரம்பிடம் தோற்றார். வெள்ளைக்காரப் பெண்களில் அம்மையாருக்குப் போட்டவர்களைவிட டிரம்புக்குப் போட்டவர்களே அதிகம். "பெண் ஓட்டு" என்று ஒரு மூட்டை எங்கும் கிடையாது. கட்சியும் நிறமும் மதமும் அதை எப்போதோ பிரித்துப் பங்கு போட்டுவிட்டன. டிரம்ப் நியமித்த மூன்று நீதிபதிகளும் மற்ற சில நீதிபதிகளோடு சேர்ந்து, 1973 முதல் பெண்களுக்கிருந்த கர்ப்ப உரிமையை 2022 ஜூன் 24-ந் தேதி பறித்தார்கள்.

"எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால்..."

1937-இல் காலப் கம்பெனியார் தகுதியுள்ள பெண்ணை ஜனாதிபதியாக்குவீர்களா என்று கேட்டபோது, 100-க்கு 33 பேர்தான் சம்மதித்தார்கள். 2007-இல் 88 பேர் சம்மதித்தார்கள். கறுப்பருக்கு 94 பேர். (அதே கணக்கில் நாஸ்திகருக்குச் சம்மதித்தவர்கள் 45 பேர்தான் என்பதை நமது வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம்!) இப்போது நேராக மறுக்க வெட்கப்படுகின்றவர்கள் வேறு பாஷை கற்றுக்கொண்டிருக்கின்றார்கள். "எனக்கு ஆட்சேபணை இல்லை, ஊரார் போடமாட்டார்களே" என்பதுதான் அது. 2020 முன்தேர்தலில் ஆறு பெண்கள் போட்டியிட்டும் இந்தப் பல்லவிதான் கேட்டது. நம் ஊரில் விதவைக்குக் கல்யாணம் செய்யச் சொன்னால், "எனக்குச் சம்மதம், நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?" என்பார்களே, அதே வியாதி. அந்த நாலு பேரில் தானும் ஒருவன் என்பதை எவனும் ஒப்புக்கொள்வதில்லை.

கடைசியாக நம்மவரைப் பற்றி ஒரு வார்த்தை. கமலா ஹாரிஸ் அம்மையாரின் தாய்வழிப் பாட்டனார் திருவாரூர் ஜில்லா துளசேந்திரபுரத்துக்காரர் என்பதற்காக, 2020-இல் அங்கே கோயிலில் பூஜை செய்தார்கள். அவர் உபஜனாதிபதியானதும் பூஜை பலித்தது என்றார்கள். 2024-இல் அவர் ஜனாதிபதி ஸ்தானத்துக்கு நின்றபோதும் பூஜை செய்தார்கள்; அவர் தோற்றார். அப்போது சாமி எங்கே போயிற்று? அமெரிக்கனுடைய ஓட்டு அமெரிக்கனுடைய கையிலிருந்தது. நம் ஊர்க் கர்ப்பூரத்தில் இல்லை. அவர் கொள்கை என்ன, தொழிலாளிக்கு என்ன சொல்லுகின்றார், யுத்தத்துக்கு என்ன சொல்லுகின்றார் என்று விசாரித்தவர் அங்கு எத்தனை பேர்? "நம்ம பெண்" என்பது ஒன்றே போதுமானதாயிருந்தது. "பெண்ணாயிற்றே" என்று தள்ளுகின்ற அமெரிக்கனுக்கும், "நம்ம பெண்ணாயிற்றே" என்று கொள்ளுகின்ற நமக்கும் வித்தியாசம் அதிகமில்லை.

ஆகவே ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், ஆணானாலும் பெண்ணானாலும், நம் கட்சியானாலும் பிறர் கட்சியானாலும், மூன்று கேள்வி கேளுங்கள். இவர்மேல் சொல்லப்படும் குற்றம் வேறு பிறவிக்காரர்மேல் போட்டாலும் நிற்குமா? இவர் ஜெயித்தால் யாருடைய கூலி உயரும், யாருடைய உரிமை போகும்? நம்மிடம் விசுவாசம் கேட்கின்ற கட்சி நமக்கு என்ன விசுவாசம் காட்டிற்று? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு போடுகின்ற ஓட்டுத்தான் மனிதனுடைய ஓட்டு. மற்றதெல்லாம் பிறவியும் கட்சிக் கொடியும் நம் கையைப் பிடித்துப் போடவைக்கின்ற ஓட்டேயாகும்.